நாகம்மையார்: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஈரோட்டில் பெரியார் – அண்ணா நினைவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரியாரைப் பற்றி எல்லாருக்கும் ஓரளவு தெரியும். நாகம்மையார் என்று பேச்செடுத்தால்தான் கேள்விகள் வரும். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. வாயால் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

பெரியாரோட மனைவி மணியம்மையார்தானே? இந்த நாகம்மையார் யாரு?

இருவருமே மனைவியர்தான், ஆனால் காலம் வேறு. நாகம்மையார் முதல் மனைவி. 1885இல் பிறந்தவர், 1898இல் திருமணம், 1933 மே 11இல் ஈரோட்டில் மறைந்தார். மணியம்மையாருடன் பெரியாருக்குத் திருமணம் நடந்தது 1949இல். நடுவில் பதினாறு ஆண்டுகள். நாகம்மையார் இறந்தபோது மணியம்மையார் பதின்மூன்று வயதுச் சிறுமி.

காங்கிரஸ் காலத்துப் பெரியார், வைக்கம் போராட்டம், குடிஅரசு இதழ், சுயமரியாதை இயக்கத்தின் தொடக்கம் என்று எதைப் பேசினாலும் பக்கத்தில் இருந்தவர் நாகம்மையார். திராவிடர் கழகம் உருவான பிறகு உள்ள கதையில்தான் மணியம்மையார் வருகிறார்.

எப்படிக் கல்யாணம் ஆச்சு? வீட்ல பார்த்ததா?

வீட்டில் பார்த்தது என்று சொன்னால் பாதிதான் சரி. நாகம்மையார் சேலம் பக்கம் தாதம்பட்டி. பெரியாருக்குத் தாய்வழிச் சொந்தம். பெரியாரின் தந்தை வெங்கட்ட நாயக்கர் ஈரோட்டில் பெரிய மண்டி வியாபாரி. தங்களுக்குச் சமமான பணக்கார வீட்டில் பெண் எடுக்கத்தான் அந்தக் குடும்பம் நினைத்தது. மகன் நாகம்மாளைத்தான் கட்டுவேன் என்று நின்றார், கடைசியில் அதுவே நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 19, பெண்ணுக்கு 13.

ஒரே ஒரு பெண் குழந்தை பிறந்து ஐந்தாவது மாதத்தில் இறந்துபோனது. பிறகு குழந்தை இல்லை. 1904இல் பெரியார் அப்பாவோடு மனத்தாங்கலாகி, காசிக்குச் சாமியாராகக் கிளம்பிப் போனார். காசியில் அவர் சோற்றுக்கு அலைந்ததையும் பூசைக்கு வில்வம் பறித்துக் கொடுத்ததையும் எல்லாரும் சுவையாகச் சொல்வார்கள். அந்த மாதங்களில் ஈரோட்டு வீட்டில், குழந்தையைப் பறிகொடுத்த, இருபது வயதுகூட ஆகாத பெண் ஒருத்தி மாமனார் மாமியாரோடு இருந்தாள். அந்தக் கதையை யாரும் எழுதவில்லை.

தாலியைக் கழற்ற வெச்சாராமே? கோயிலுக்குப் போனவங்களை ஆள் வெச்சுக் கிண்டல் பண்ணினாராமே? நிஜமா?

பெரியாரின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தக் கதைகள் வருகின்றன. கணவன் ஊரில் இருக்கும்போது தாலி எதற்கு என்று கேட்டு ஓர் இரவு கழற்ற வைத்தார். மறுநாள் காலையில் வெறும் கழுத்தைப் பார்த்துப் பதறிய வீட்டுப் பெண்களிடம் நாகம்மையார் அதே பதிலைச் சொல்லிவிட்டார் என்பது ஒரு கதை. திருவிழாவுக்குக் கோயிலுக்குப் போனபோது, தன் கூட்டாளிகளிடம் இவர் யாரோ புதிதாக வந்த தாசி என்பதுபோல் காட்டி மிரள வைத்தார், அதோடு கோயிலுக்குப் போவதே நின்றது என்பது இன்னொன்று.

மேடையில் இதையெல்லாம் சிரிப்புக்காகச் சொல்வார்கள், கூட்டமும் சிரிக்கும். தாலிக் கதைக்கு நானும் சிரிப்பேன், அதில் அந்தப் பெண்ணின் சாமர்த்தியமும் இருக்கிறது. கோயில் கதைக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நாலு ஆண்கள் சூழ்ந்துகொண்டு பார்க்கும்போது சின்ன வயதுப் பெண்ணுக்கு அது விளையாட்டாக இருந்திருக்காது. கொள்கை மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது, பயம். இதைப் பற்றிப் பெரியாரே பின்னால் என்ன நினைத்தார் என்பதற்குக் கீழே, இரங்கல் எழுத்து பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

பொது வாழ்க்கைக்கு எப்ப வந்தார்?

கள்ளுக்கடை மறியலில்தான். பெரியார் காங்கிரசில் சேர்ந்ததும் வீட்டில் பட்டு போய்க் கதர் வந்தது. பணக்கார வீட்டு மருமகள், ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்தவரின் மனைவி, அந்தக் காலத்து முரட்டுக் கதரைக் கட்டத் தொடங்கினார். இப்போதைய மெல்லிய கதரை வைத்து நினைக்காதீர்கள், அது கனமும் சொரசொரப்பும் சேர்ந்த துணி.

1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் ஆரம்பித்தது. கள் இறக்கக் கூடாது என்பதற்காகப் பெரியார் தாதம்பட்டித் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஆமாம், நாகம்மையார் பிறந்த அதே தாதம்பட்டிதான். மறியலில் பெரியார் கைதானதும், நாகம்மையாரும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். அதுவரை கூட்டத்தில் பெண் பேசுவதே அபூர்வம். கௌரவமான குடும்பத்துப் பெண்கள் கள்ளுக்கடை வாசலில் போய் நிற்பது என்பது ஊர் கண்டிராதது. 144 தடை போட்டார்கள். அதையும் மீறினார்கள். இந்தப் பெண்களைப் பிடித்தால் பின்னாலேயே ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து நிற்பார்கள், சிறை தாங்காது என்று அதிகாரிகள் பயந்து தடையை விலக்கிக்கொண்டார்கள் என்று இயக்க வரலாறுகள் சொல்கின்றன.

"மறியலை நிறுத்தறது ஈரோட்டுப் பெண்கள் கையில இருக்கு"ன்னு காந்தி சொன்னாராமே?

1922 ஜனவரியில் பம்பாயில் மாளவியா முதலானவர்கள் அரசுக்கும் காங்கிரசுக்கும் இடையே சமரசம் பேச ஒரு மாநாடு கூட்டினார்கள். மறியலை நிறுத்தலாமே என்ற பேச்சு வந்தபோது, அது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கிற இரண்டு பெண்களைத்தான் கேட்க வேண்டும் என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார் என்பதுதான் செய்தி. இரண்டு பெண்கள் என்றால் நாகம்மையாரும் கண்ணம்மாளும். சொற்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன, அதனால் நான் மேற்கோள் குறி போட்டுச் சொல்வதில்லை. நீங்களும் போடாதீர்கள்.

இதில் கண்ணம்மாளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து நடத்திய போராட்டம் இது. கண்ணம்மாள் இன்னொரு கேள்வியிலும் வருவார்.

வைக்கத்துக்குக் கணவர்கூடப் போனாங்க, அவ்வளவுதானே?

இந்தக் கேள்வியை ரொம்பப் பேர் கேட்கிறார்கள், கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வைக்கம் மகாதேவர் கோயில். அதைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர், புலையர் போன்றவர்கள் நடக்கக் கூடாது. கோயிலுக்குள் நுழைவது அப்போது பேச்சிலேயே இல்லை, தெருவில் நடக்கும் உரிமைதான் பிரச்சினை. 1924 மார்ச் 30இல் சத்தியாகிரகம் தொடங்கியது. முன்னணியில் இருந்த டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் எல்லாரையும் சமஸ்தானம் வரிசையாகச் சிறையில் போட்டது. வழி நடத்த ஆள் இல்லை என்று கடிதம் வந்து, பெரியார் ஏப்ரல் 13இல் வைக்கம் போனார். நாகம்மையார் மே மாதம் வந்து சேர்ந்தார்.

பெரியார் இரண்டு தடவை சிறைக்குப் போனார். முதலில் ஒரு மாதம் அருவிக்குட்டியில், அடுத்தது நான்கு மாதக் கடுங்காவல் திருவனந்தபுரத்தில். மூலம் திருநாள் என்ற திருவிதாங்கூர் மன்னர் ஆகஸ்டில் இறந்ததால் இரண்டாவது தண்டனை முடியும் முன்பே விட்டார்கள். கணவர் உள்ளே இருக்கும்போது வெளியே நடந்ததைக் கவனியுங்கள். நாகம்மையார் ஊர் திரும்பவில்லை. பெண்களைச் சேர்த்தார், அவர்களோடு தெருவில் போலீஸ் போட்ட தடுப்புக்கு முன்னால் போய் நின்றார், சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய் ஆதரவு திரட்டினார். மொழி வேறு, ஊர் வேறு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தத் தடுப்பு நாகம்மையாருக்காக வைத்தது இல்லை. நாயக்கர் வீட்டுப் பெண் அந்தத் தெருவில் தாராளமாக நடந்து போகலாம், ஒரு போலீஸ்காரரும் கேட்க மாட்டார். கூட வந்த ஈழவப் பெண்களைத்தான் நிறுத்துவார்கள். தனக்குத் திறந்திருக்கிற தெருவில், திறக்காதவர்களோடு சேர்ந்து வெளியே நின்றார். "கூடப் போனார்" என்று சொல்லி இதை முடித்துவிட முடியுமா?

1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் எல்லாருக்கும் திறந்தன. கிழக்குப் பக்கம் மட்டும் பாக்கி. 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த பிறகுதான் முழுசாகத் தீர்ந்தது.

நாத்திகரோட மனைவி "கடவுளைப் பிரார்த்திக்கிறேன்"னு அறிக்கை விட்டாங்களாமே? போலியா அது?

போலி இல்லை. 1924 செப்டம்பரில் வந்த அறிக்கை. திருவிதாங்கூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்து சில நாள்களே ஆன நிலையில், பெரியாரை ஈரோட்டில் சென்னை அரசு ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கைது செய்தது. அன்றைக்கு நாகம்மையார் பெயரில் அறிக்கை வெளியானது. சிறைக்குப் போவதைப் பாக்கியம் என்று சொல்லிக் கணவர் தன்னிடம் விடைபெற்றுப் போனார், அந்தப் பாக்கியம் அவருக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று கடவுளைப் பிரார்த்திக்கிறேன், வைக்கத்தில் அவர் விட்டுப்போன வேலையை நண்பர்கள் அகிம்சை முறையில் முடித்துத் தர வேண்டும் என்பது அதன் சாரம்.

கடவுள் என்ற சொல்லைப் பார்த்துச் சிலர் துள்ளுகிறார்கள். 1924இல் பெரியாரே காங்கிரஸ்காரர், தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராகவும் செயலாளராகவும் இருந்தவர். சுயமரியாதை இயக்கம் அப்போது பிறக்கவே இல்லை. அந்த ஆண்டில் பேசியவரிடம் 1930களின் பேச்சை எதிர்பார்க்கக் கூடாது. கணவர் கைதான அன்று மனைவி என்ன எழுதுவார்? விட்டுவிடச் சொல்லி எழுதியிருக்கலாம், அழுதிருக்கலாம். இவர் இன்னும் பல தடவை போகட்டும், மிச்ச வேலையைப் பாருங்கள் என்கிறார். எனக்கு அந்த அறிக்கையில் படுவது இதுதான்.

பள்ளிக்கூடமே போகாதவங்க எப்படிப் பத்திரிகை வெளியிட்டாங்க? பெயருக்குத்தானே?

குடிஅரசு வார இதழ் 1925 மே 2இல் ஈரோட்டில் தொடங்கியது. 1928 நவம்பரில் ரிவோல்ட் என்ற ஆங்கில வார இதழ் வந்தது. அதில் வெளியிடுபவர் என்று அச்சானது நாகம்மையாரின் பெயர். பள்ளி சென்று படித்தவர் இல்லை என்பது உண்மை. ஆங்கிலப் பத்திரிகையின் கட்டுரைகளை அவர் பார்த்துத் திருத்தினார் என்று நான் சொல்லப் போவதில்லை.

ஆனால் "பெயருக்கு" என்ற சொல்லில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பத்திரிகையில் வெளியிடுபவர் என்று பெயர் போட்டால், அரசு வழக்குப் போடும்போது முதல் வரிசையில் நிற்க வேண்டியவர் அவர். 1933 அக்டோபரில் குடிஅரசில் இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று ஒரு தலையங்கம் வந்தது. ஆசிரியர் பெரியார் மீதும் வெளியிடுபவர் மீதும் வழக்கு, இருவருக்கும் சிறை. அப்போது வெளியிடுபவர் கண்ணம்மாள். நாகம்மையார் ஐந்து மாதம் முன்பே இறந்திருந்தார், பெயர் கொடுத்து நின்றவர் நாத்தனார். பெயர் கொடுப்பது என்றால் என்ன விலை என்று இப்போது தெரிகிறதா?

1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பா கிளம்பினார். எகிப்து, கிரீஸ், துருக்கி, ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து என்று சுற்றிவிட்டு அடுத்த ஆண்டு நவம்பரில்தான் ஈரோடு திரும்பினார். கிட்டத்தட்ட பதினொரு மாதம். பத்திரிகையும் இயக்கமும் நின்றுவிடவில்லை. அந்த வீட்டுக்கு வருகிற தோழர்களுக்குச் சோறும் நிற்கவில்லை. எந்த நேரத்தில் எத்தனை பேர் வந்தாலும் இலை போடுவார் என்று பெயர் வாங்கியவர் நாகம்மையார். காசு விஷயத்தில் பெரியார் எவ்வளவு கெட்டி என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

சுயமரியாதைத் திருமணங்களை அவரே நடத்தி வெச்சிருக்காரா?

ஆம். பலருக்கும் தெரிந்தது 1930இல் ஈரோட்டில் நடந்த சாமி சிதம்பரனார் – சிவகாமி திருமணம். மணமகள் கைம்பெண். பின்னாளில் பெரியாரின் வரலாற்றை எழுதிய அதே சாமி சிதம்பரனார்தான் மாப்பிள்ளை. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, நடத்தி வைப்பது ஒரு பெண். இதில் எது அன்றைக்கு ஊருக்கு அதிக அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எனக்கென்னவோ கடைசியாகச் சொன்னதுதான் என்று படுகிறது. இன்றைக்கும் எத்தனை சீர்திருத்தக் கல்யாண மேடையில் பெண் தலைமை தாங்குகிறார், எண்ணிப் பாருங்கள்.

சட்டப்படி இந்தத் திருமணங்கள் ரொம்ப நாள் அந்தரத்தில் நின்றன. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் செல்லாது என்றது. 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத் திருத்தம்தான் பழைய திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது.

"பெரியார்" பட்டம் கொடுத்த பெண்கள் மாநாட்டுல நாகம்மையார் இருந்தாரா?

இல்லை. அந்த மாநாடு நடந்தது 1938 நவம்பர் 13இல் சென்னையில், இந்தி எதிர்ப்புப் போராட்டக் காலம். தலைமை மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். நாகம்மையார் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. நாகம்மையார் காலத்தில் அவர் கணவர் ஊருக்கு ஈ.வெ. ராமசாமி நாயக்கர், அவ்வளவுதான்.

மனைவி இறந்தப்ப பெரியார் அழவே இல்லையாமே? மறுநாளே கல்யாணம் நடத்தப் போயிட்டாராமே?

யாரும் அழக் கூடாது என்று சொன்னார், சடங்கு எதுவும் இல்லை. மறுநாள் திருச்சிக்குப் போய், தடை உத்தரவை மீறி ஒரு கிறிஸ்தவத் திருமணத்தைச் சுயமரியாதை முறையில் நடத்தி வைத்துக் கைதானார். கல்நெஞ்சு என்பார்கள் சிலர், கொள்கை வீரம் என்பார்கள் சிலர். இரண்டு பேரும் அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

அப்படி என்ன எழுதினார்?

1933 மே 14 குடிஅரசில் வந்த இரங்கல். முதலில் கணக்குப் பேசுகிறார்: இந்தியர்களின் சராசரி ஆயுள் இருபத்து மூன்றரை, நாகம்மாள் 48 வயது, இரண்டு மடங்கு வாழ்ந்தாயிற்று, இதில் துக்கப்பட ஒன்றுமில்லை என்கிறார். துக்கத்தை அமுக்கப் பார்க்கிற மனிதரின் கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

அப்புறம் எழுத்து வேறு பக்கம் திரும்புகிறது. முப்பத்தைந்து வருடம் நாகம்மாளை வாழ்க்கைத் துணையாக நான் வைத்திருந்தேன், நாகம்மாளுக்கு நான் வாழ்க்கைத் துணையாக இருந்தேனா என்பது ஞாபகத்துக்கு வரவில்லை என்கிறார். பெண் விடுதலை பற்றி ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்குகூட வீட்டில் நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ள யோக்கியதை இல்லை என்கிறார். சாஸ்திரம் பெண்ணுக்குச் சொன்ன அடிமைத்தனத்தை ஒன்றுக்குப் பத்தாக நாகம்மாள் செய்தார், நான் அதை ஏற்றுக்கொண்டேன், வெட்கத்தோடு வெளியிடுகிறேன் என்கிறார். போனது அடிமையா, ஆதரவா, இன்பமா, ஊக்கமா என்று கேட்டுக்கொண்டே போய், ஒன்றும் விளங்கவில்லை என்று தடுமாறுகிறார்.

மேலே சொன்ன கோயில் கதைக்கு எனக்குச் சிரிப்பு வராததற்கு இந்த எழுத்தும் ஒரு காரணம். சம்பந்தப்பட்டவரே வெட்கப்பட்ட விஷயத்துக்கு நாம் எதற்குக் கை தட்ட வேண்டும்?

அப்படின்னா வீட்ல அடிமை, வெளியில போராளியா? முரண்பாடா இல்லையா?

முரண்பாடுதான். நான் சமாளிக்கப் போவதில்லை. கள்ளுக்கடை வாசலில் 144ஐ மீறியவரும், கணவர் சாப்பிட்ட பிறகே சாப்பிடுகிற பழக்கத்தில் வளர்ந்தவரும் ஒரே ஆள்தான். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கிறவர்களோடு மட்டும் எனக்குச் சண்டை. பக்தர்கள் வைக்கத்தைக் காட்டி வீட்டை மறைப்பார்கள். எதிராளிகள் இரங்கல் எழுத்தைக் காட்டி வைக்கத்தை மறைப்பார்கள்.

காலேஜ் ஃபார்ம்ல "ஈ.வெ.ரா. நாகம்மையார் திட்டம்"னு இருக்கே, அவங்கதானா?

அவரேதான். அரசுக் கல்லூரிகளில் பெண்கள் பட்டப்படிப்புப் படிக்கக் கட்டணம் இல்லாமல் செய்யும் திட்டத்துக்குத் தமிழக அரசு வைத்த பெயர். திருச்சியில் நாகம்மையார் குழந்தைகள் இல்லம் இருக்கிறது, அது திராவிடர் கழகம் சார்ந்தது.

கணவர் பெரியாரா இல்லாட்டி இவரை யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டான், கூட வந்தவர்கள் அவனை முறைத்தார்கள். நியாயமான கேள்விதான். தெரிந்திருக்காது. தாதம்பட்டியில் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமல் பதின்மூன்று வயதில் கல்யாணமான பெண்களின் பெயரை 1898இல் யாரும் எழுதி வைக்கவில்லை. கணவரின் பெயர் கதவைத் திறந்தது உண்மை. 1921இலும் 1924இலும் அந்தக் கணவர் சிறைக்குள் இருந்தார், வெளியே நின்றது இவர். அதைச் சொன்னதும் அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: "அப்போ கண்ணம்மாளைப் பத்தி ஏன் யாருமே சொல்றதில்லை?" அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.